தோட்டச் சிலந்தியின் முட்டைப்பையைக் குளிர்காலத்தில் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் போட்ட அவரைப் பந்தலில் ஆகஸ்ட்டிலிருந்து கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய சிலந்தி இருந்தது. வலையின் நடுவில் வெள்ளையாக, வளைந்து வளைந்து ஒரு கோடு. அக்டோபர் வந்ததும் சிலந்தி இளைத்துவிட்டது. ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை தொங்குகிறது. உறைபனிக்கு முன்னால் பந்தலைப் பிரித்தாக வேண்டும். இது என்ன சிலந்தி, குழந்தைகளுக்கு ஆபத்தா, உருண்டையை கராஜுக்குள் வைத்துக் காப்பாற்றி வசந்தத்தில் வெளியே விடலாமா?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கராஜுக்குள் வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் வேண்டாம். அந்த உருண்டைக்குக் குளிர் எதிரி இல்லை, கதகதப்புதான் எதிரி. நம் ஊர்க்காரர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். வெளியே பனி கொட்டும்போது எந்த உயிரைப் பார்த்தாலும் உள்ளே எடுத்து வைக்கத் தோன்றும். ஆனால் இந்தச் சிலந்தி பல்லாயிரம் குளிர்காலங்களைத் தாண்டி வந்த இனம். நீங்கள் செய்ய வேண்டியது, அதை வெளியிலேயே, குப்பையோடு குப்பையாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

இனி அடையாளம். நீங்கள் சொன்ன வர்ணனைக்குக் கிட்டத்தட்ட சந்தேகமே இல்லாமல் பொருந்துவது ஆர்ஜியோப்பே ஔரான்ஷியா. அமெரிக்காவில் மஞ்சள் தோட்டச் சிலந்தி என்கிறார்கள். தெற்குக் கனடாவிலிருந்து மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வரை இருக்கிறது. பெண் சிலந்தியின் உடல் மட்டும் 19 முதல் 28 மில்லிமீட்டர்; கால்களையும் விரித்தால் உள்ளங்கையில் பாதியை நிறைத்துவிடும். வயிறு முட்டை வடிவில், கரும்பட்டு நிறத்தில், இருபுறமும் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகளோடு இருக்கும். நிறைய பேர் இந்த மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அது போதாது, மஞ்சள் சிலந்திகள் பல உண்டு. தலைப்பக்கத்தைப் பாருங்கள். கால்கள் முளைக்கிற அந்த முன்பகுதி முழுக்க வெள்ளி நிற மயிர் படிந்திருக்கும், விபூதி பூசியதுபோல. முன்னங்கால்கள் பெரும்பாலும் முழுக் கறுப்பு. மற்ற கால்கள் உடலை ஒட்டிய பாதியில் செம்மஞ்சளாகத் தொடங்கி நுனியில் கறுப்பாக முடியும். வலையின் பின்பக்கம் போய் வயிற்றின் அடியைப் பார்த்தால் கறுப்பில் இரண்டு மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும். வெள்ளித் தலை, கறுப்பு முன்னங்கால், அடியில் இரட்டை மஞ்சள் கோடு: இந்த மூன்றும் இருந்தால் அதுதான்.

உட்கார்ந்திருக்கும் விதமும் ஒரு அடையாளம். பட்டப்பகலில், வலையின் நட்ட நடுவில், தலைகீழாகத் தொங்கும். மற்ற பல வட்டவலைச் சிலந்திகள் பகலில் இலை மறைவுக்குப் போய்விடும்; இதற்கு அந்தக் கூச்சம் கிடையாது. பக்கத்தில் போய் லேசாக ஊதிப் பாருங்கள். கால்களால் வலையை அழுத்தி அழுத்தி ஊஞ்சலாட்டும். வேகம் கூடக் கூட உருவமே கலங்கி மங்கலாகத் தெரியும். பறவையின் அலகுக்கு இலக்கு தவறச் செய்வதற்கான தந்திரம் இது.

வலை இரண்டடி அகலம் வரை வரும். நடுவில் இருக்கும் அந்தக் கோணல்மாணல் வெள்ளைக் கோடு எதற்கு என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒரே கட்சியில் இல்லை. புற ஊதா ஒளியில் மின்னிப் பூச்சியை இழுக்கிறது என்கிறது ஒரு கட்சி. பறவை தெரியாமல் வலையில் மோதிக் கிழிக்காமலிருக்க வைத்த எச்சரிக்கைப் பலகை என்கிறது இன்னொன்று. 1983-ல் ஐஸ்னர், நோவிக்கி என்ற இருவர் செயற்கையாகக் கோடு போட்ட வலைகளை வைத்துச் சோதித்து இதற்கு ஆதரவாக எழுதினார்கள். சிலந்தியின் உருவத்தை மறைக்க என்பது மூன்றாவது கட்சி. இரவில் வலையின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு விடிவதற்குள் புதிதாகக் கட்டிவிடும். நூலில் இருக்கும் புரதம் வீணாகாமல் மறுபடி வயிற்றுக்கே போகிறது.

இந்தக் குடும்பத்தை நீங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு வேலிகளிலும் செம்பருத்திச் செடிகளிலும் வலை நடுவில் பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறியின் மேலேயே வைத்து உட்கார்ந்திருக்குமே, அது ஆர்ஜியோப்பே அனசூயா. இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதற்குப் பனிக்காலம் தாண்டும் கவலை இல்லை. இங்கே இருப்பதற்கு அதுதான் வாழ்க்கையின் பாதி.

செப்டம்பரில் அதே வலையின் ஓரத்தில் சின்னதாக, பழுப்பாக இன்னொரு சிலந்தி ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். குட்டி என்று நினைத்திருப்பீர்கள். அது ஆண். 5 முதல் 9 மில்லிமீட்டர்தான். இணை சேரும்போது இரண்டாவது முறை விந்தைச் செலுத்திய அடுத்த கணம் ஆண் தானாகவே இறந்துவிடுகிறது. பெண் கொல்வதற்கு அங்கே வேலையே இல்லை. ஃபோல்மர், ஃபேர்பெய்ர்ன் என்ற ஆய்வாளர்கள் 2003-ல் இதைப் பதிவு செய்தார்கள்.

ஆபத்தா என்ற கேள்விக்கு: இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும்; குளவி கொட்டியதுபோல வலித்து, சிவந்து, அடங்கிவிடும். பூச்சிக்கடி ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் மட்டும் எந்தக் கடியிலும் எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கையை இதிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தானாக ஓடி வந்து கடிக்கிற இனம் இல்லை. குழந்தைகளை ஒரு முழத் தூரத்தில் நிறுத்தி, வெட்டுக்கிளி மாட்டும்போது அது நூலைப் பட்டையாக இழுத்து உருட்டி உருட்டிச் சுற்றுவதைக் காட்டுங்கள். அதைவிட நல்ல உயிரியல் வகுப்பு கிடைக்காது.

குழப்பிக்கொள்ளக்கூடிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தச் சிலந்தி என்பதைப் பொறுத்து முட்டைப்பையும் அதற்குச் செய்ய வேண்டியதும் மாறும்.

முதலாவது, பட்டைத் தோட்டச் சிலந்தி, ஆர்ஜியோப்பே டிரைஃபாசியாட்டா. உங்கள் பகுதியிலும் உண்டு. வயிற்றின் மேல் திட்டுகளுக்குப் பதில் வெள்ளி, மஞ்சள், கறுப்பு என்று மெல்லிய குறுக்குக் கோடுகள். கால்களில் வளைய வளையமாகப் புள்ளிகள். உடல் கொஞ்சம் சிறியது, வயிற்றின் பின்முனை கூர்மையானது. பருவத்தில் சற்றுப் பிந்தி, ஆகஸ்ட் கடைசியில்தான் பெரிதாகக் கண்ணில் படும். முட்டைப்பையை வைத்து இரண்டையும் பிரிப்பது இன்னும் சுலபம். ஔரான்ஷியாவின் பை உருண்டையாக இருந்து மேலே கழுத்துபோலக் குறுகும். டிரைஃபாசியாட்டாவின் பை அடியில் உருண்டையாகவும் மேலே மூடி போட்டதுபோலத் தட்டையாகவும் இருக்கும். சிலந்தி இறந்துபோன பிறகும் பையை மட்டும் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடலாம். பாதுகாக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது, சிலுவைச் சிலந்தி, அரேனியஸ் டயடெமாட்டஸ். பழுப்பு அல்லது செம்மண் நிற வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்து சிலுவை வடிவம் காட்டும். வலையில் வெள்ளைக் கோடு இருக்காது. ஐரோப்பாவிலிருந்து வந்தது, லண்டன் பக்கம் இருப்பவர்கள் தோட்டச் சிலந்தி என்றால் இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் வடகிழக்கிலும் சியாட்டில், போர்ட்லண்ட் பக்கத்திலும் நிறைய. இது தொங்கும் உருண்டை செய்யாது. மரப்பட்டை இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் அடி, ஓடு இறவாரம் மாதிரி இடங்களில் மஞ்சள் நூலால் பஞ்சுபோல ஒரு மெத்தை போட்டு முட்டைகளை மூடிவிடும். அதைப் பெயர்த்து எடுக்க முயன்றால் கிழிந்துவிடும், அதனால் கைவைக்காமல் விடுவதுதான் வழி.

மூன்றாவது, ஜோரோ. கிழக்காசியாவிலிருந்து வந்து 2014-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது கரோலினா, டென்னசி, மேரிலாந்து என்று வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் வயிற்றில் நீலப்பச்சைப் பட்டைகள், அடியில் சிவப்பு, நீண்ட கால்களில் மஞ்சள் வளையங்கள், வெயிலில் பொன்னாக மின்னும் வலை. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் அதன் முட்டைப்பையைக் காப்பாற்ற நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஜோரோ என்று சந்தேகப்பட்டு உள்ளூர் ஆர்ஜியோப்பேயை அடித்துக் கொல்கிறவர்கள்தான் அதிகம். அதனால் வெள்ளித் தலையைத் தேடுங்கள் என்று திரும்பவும் சொல்கிறேன்.

சரி, உங்கள் சிலந்தி ஏன் இளைத்துவிட்டது? நோய் இல்லை. முட்டையிட்டதால்தான். பெரும்பாலும் இரவில் இந்த வேலை நடக்கும். முதலில் நூலால் ஒரு விரிப்பு நெய்து அதில் முட்டைகளை இடும். அதன் மேல் இன்னொரு அடுக்கு, அதற்கும் மேல் பழுப்பு நூலால் கெட்டியான போர்வை. பிறகு கால்களால் திருப்பித் திருப்பி உருண்டையாக்கிக் கழுத்து வைத்து முடித்து, நாலா பக்கமும் நூல் இழுத்துக் கட்டித் தொங்கவிடும். ஒரு பைக்குள் 300 முதல் 1,400 முட்டைகள் வரை இருக்கும். ஒரு பெண் ஒன்று முதல் நான்கு பைகள் வரை செய்யும். ஆகவே ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாமல் பந்தலின் மேல் மூலை, பக்கத்துப் புதர், இறவாரம் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். வலை இருந்த இடத்திலிருந்து சில அடி தள்ளிக்கூட இருக்கும்.

தாய் முதல் கடுமையான உறைபனியோடு இறந்துவிடும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து காப்பாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வடக்கே அதன் ஆயுளே ஓராண்டுதான். உள்ளே வைத்தால் சாவு சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவே. இருக்கும் வரை பையின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பைக்குள் நடப்பதுதான் பலருக்கும் தெரியாதது. முட்டைகள் வசந்தம் வரை முட்டைகளாகவே இருப்பதில்லை. இலையுதிர்காலத்திலேயே பொரிந்துவிடுகின்றன. குஞ்சுகள் உள்ளேயே ஒருமுறை தோலுரிக்கின்றன. பிறகு வெளியே வராமல், சாப்பிடாமல், நெருக்கியடித்துக்கொண்டு அப்படியே மாதக்கணக்கில் கிடக்கின்றன. முட்டைக் கருவிலிருந்து வயிற்றில் மிஞ்சிய சத்துதான் அத்தனை நாளைக்கும் கட்டுச்சோறு. ஜனவரியில் வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், அதாவது 14 டிகிரி ஃபாரன்ஹீட் ஆனாலும் உடலில் உள்ள நீர் பனிக்கட்டியாகாமல் திரவமாகவே நிற்கும்படி அவை தயாராகியிருக்கும். குளிரில் உடலின் இயக்கம் கிட்டத்தட்ட நின்றேவிடுவதால் செலவும் இல்லை.

கராஜ் ஏன் கூடாது என்பது இங்கேதான் விளங்கும். வீட்டோடு ஒட்டிய கராஜ் சூடுபடுத்தாவிட்டாலும் வெளியைவிட வெப்பமாகத்தான் இருக்கும். சூடான காரை உள்ளே நிறுத்தும்போதெல்லாம் இன்னும் ஏறும். வெப்பம் ஏறினால் குஞ்சுகளின் உடல் விழித்துக்கொண்டு சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கும். பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டால் வசந்தம் வரை தாங்காது. இல்லையென்றால் வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிப் பையைவிட்டு வெளியே வரும். வெளியே பனி, உள்ளே தின்ன ஒரு கொசுகூட இல்லை. ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். வீட்டுக்குள் என்றால் ஹீட்டர் காற்றின் வறட்சி வேறு. அதற்குமேல், ஒரு காலையில் திரைச்சீலை முழுக்கப் பல நூறு புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருப்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் ரசிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தனியாக நிற்கும், ஹீட்டர் இல்லாத, காற்றோட்டமுள்ள ஷெட் இருந்தால் பரவாயில்லை. அங்கேயும் எலி வராத உயரத்தில், ஜன்னல் வெயில் படாத மூலையில் கட்டி, மார்ச் முடிவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் குஞ்சுகள் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் முதல் தேர்வு எப்போதும் திறந்த வெளிதான்.

குளிர் கொல்லாது என்றால் எது கொல்லும்? குளிர்காலம் முழுக்க இரை தேடி அலையும் பறவைகள் பையைக் கொத்திக் கிழிக்கின்றன. அதற்கு முன்பே, பை புதிதாக இருக்கும்போதே, சில ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளே முட்டையிட்டுவிடுகின்றன. அவற்றின் புழுக்கள் சிலந்தி முட்டைகளைத் தின்று வளரும். மான்டிஸ்பிட் என்ற பூச்சியின் புழுவும் அப்படியே. பையின் வெளிப்போர்வைக்கும் உள்ளே இருக்கும் பஞ்சுக்கும் நடுவில் காற்றிடைவெளி விட்டுச் சிலந்தி கட்டுவது பெரிதும் இவர்களைத் தடுக்கத்தான். குளவியின் முட்டையிடும் ஊசி முட்டைகளை எட்டாமல் போகும். இந்தத் திருட்டு நடந்திருந்தால் அக்டோபரில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததா என்று பார்க்கப் பையைப் பிரிக்கவும் வேண்டாம். பிரித்த பை எவ்வளவு ஒட்டிவைத்தாலும் பழைய பை ஆகாது.

ஆனால் புறநகர் வீடுகளில் பறவையையும் குளவியையும்விடப் பெரிய ஆபத்து நாம்தான். அக்டோபர், நவம்பரில் காய்ந்த கொடியை எல்லாம் அறுத்து, காகிதப் பையில் திணித்து, வாசலில் வைத்தால் டவுன்ஷிப் வண்டி எடுத்துப் போய்விடும். அதில் எத்தனை முட்டைப்பை போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. லீஃப் ப்ளோயரோடு வருகிறவர்களுக்கு அது காய்ந்த இலையில் இன்னொரு இலை.

உங்களால் முடிந்தால், பை தொங்கும் அந்த ஒரு பகுதியை மட்டும் மே கடைசி வரை அப்படியே விட்டுவிடுங்கள். பந்தல் முழுவதையும் பிரித்து, ஒரு மூலைக் காலையும் அதில் சுற்றிய காய்ந்த கொடியையும் நிறுத்தி வைத்தால் போதும். பார்க்க அசிங்கமாக இருக்கும்தான். வீட்டு உரிமையாளர் சங்கம் கேள்வி கேட்கும் இடமாக இருந்தால் பின்பக்கம் யாரும் பார்க்காத மூலை என்று சமாளிக்கலாம். அந்தக் கம்பில் சிவப்பு நாடா ஒன்று கட்டிவிட்டால் வேலைக்கு வருகிறவர்களும் தொடமாட்டார்கள்.

முடியவே முடியாது என்றால் இடம் மாற்றுங்கள். அதற்கு நல்ல நேரம் தாய் இறந்த பிறகு, ஒரு குளிர்ந்த, உலர்ந்த நாள். பையைத் தனியாகப் பிய்க்காதீர்கள். அது தொங்கும் தண்டை, பைக்கு இருபுறமும் அரையடி விட்டு வெட்டி, நூலோடு சேர்த்து எடுங்கள். வெண்டைத் தண்டில் கட்டியிருந்தால் அதிர்ஷ்டம். காய்ந்த வெண்டை வசந்தம் வரை கட்டைபோல நிற்கும். அவரைக் கொடி பனியில் அழுகி இற்றுவிழும், அதனால் கொடியை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். பைக்கு மேல் கயிறு போகக்கூடாது. பை சுவரிலோ வேலியிலோ ஒட்டியிருந்தால், அதைத் தாங்கும் நூல்களை ஒவ்வொன்றாக நுனியில் கத்தரித்து, நூல் கற்றையோடு எடுத்து, அந்த நூலையே குச்சியில் சுற்றிக் கட்டலாம். விரலால் பையை அமுக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது முட்டை அல்ல, உயிரோடிருக்கும் குஞ்சுகள்.

எங்கே கட்டுவது? பையின் கழுத்து மேல்நோக்கி இருக்கும்படி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், மழையும் காற்றும் நேரே அடிக்காத இடத்தில். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத புதர்கள், ஆர்பர்விட்டே, ஜூனிப்பர், பாக்ஸ்வுட் போன்றவை, இதற்கென்றே செய்ததுபோல அமையும். உள்கிளையில் கட்டினால் பறவைக்கும் சட்டென்று தெரியாது. டெக்கின் கைப்பிடிக்கு அடியிலும் கட்டலாம். தெற்குப் பார்த்த சுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயில் பட்டுச் சுவர் சூடாகிற இடத்தில் ஜனவரியிலேயே குஞ்சுகள் அசையத் தொடங்கலாம். பறவைகளுக்குத் தீனி வைக்கும் கம்பத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், கேட்காமலே விருந்து வைத்த மாதிரி ஆகும். புதிய இடம் பழைய இடத்திலிருந்து தொலைவில் இருக்க வேண்டும் என்றோ, பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றோ ஒன்றுமில்லை.

பறவைத் தொல்லை அதிகம் என்றால் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைக் குழாயாகச் சுருட்டி, பையைத் தொடாமல் சுற்றி வைக்கலாம். அலகு எட்டாது, குஞ்சுகள் வசந்தத்தில் தாராளமாக வெளியே வரும். கண்ணாடிப் புட்டி, ஜிப் பை, மூடி போட்ட டப்பா எதுவும் வேண்டாம். ஈரம் வெளியேறாமல் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். பைமேல் துணி சுற்றுவது, பஞ்சு வைப்பது எல்லாமே ஈரத்தைப் பிடித்து வைக்கும் வேலைதான். மேலே பனி படிந்தாலும் தட்டிவிட வேண்டாம். பை தரையில் விழுந்துவிட்டால் மட்டும் எடுத்துத் திரும்பக் கட்டுங்கள். ஈர மண்ணில் கிடந்தால் பூஞ்சையோ எலியோ முந்திக்கொள்ளும்.

ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டவர்கள் இதைப் படித்தால்: சில நாள்தான் ஆகிறது என்றால் இப்போதே வெளியே கொண்டுபோய்க் கட்டுங்கள், உறைநிலைக்கு மேல் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து. வாரக்கணக்காகிவிட்டால் முதலில் குளிர்ந்த ஷெட்டில் சில நாள் வைத்து, அப்புறம் வெளியே. குஞ்சுகள் வெளியே வந்தேவிட்டன என்றால் கடுங்குளிரில் விடுவதால் பயன் குறைவு. வெளியே மிதமான நாள் வரும்போது புதருக்குள் விட்டுவிடுங்கள், பிழைத்தது பிழைக்கட்டும்.

குளிர்காலத்தில் கண்ணில் படும் எல்லா முட்டையும் காப்பாற்ற வேண்டியவை அல்ல. மரத்தண்டிலும் கல்லிலும் காரின் அடியிலும் சாம்பல் நிறச் சேறு பூசியதுபோல ஓரங்குல நீளத்தில் ஒட்டியிருந்தால் அது புள்ளி லான்டர்ன்ஃப்ளை என்ற பூச்சியின் முட்டை. 2014-ல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டியில் முதலில் கண்டுபிடித்தார்கள். இப்போது நியூ ஜெர்சியில் எல்லோருக்கும் தலைவலி. அதைச் சுரண்டி எடுத்து ஆல்கஹாலில் போடுங்கள். மரத்தில் வெளிர்பழுப்பு வெல்வெட் துணி ஒட்டியதுபோல இருந்தால் அது ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி; அதுவும் சுரண்ட வேண்டியதுதான். குச்சியைச் சுற்றி நுரை காய்ந்து கெட்டியானதுபோல இருந்தால் கும்பிடு பூச்சியின் முட்டைக்கூடு, அதை விட்டுவிடலாம்.

டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கறுப்பு விதவைச் சிலந்தியின் முட்டைப்பையும் காகிதம்போல உருண்டையாக இருக்கும். ஆனால் சிறியது, ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். நிறம் வெளிர் மஞ்சள் அல்லது இளம்பழுப்பு. விறகுக் குவியல், மீட்டர் பெட்டி, பேட்டியோ நாற்காலியின் அடி என்று தாழ்வான இருட்டில், ஒழுங்கில்லாமல் பின்னிய வலையில் இருக்கும். பழுப்பு விதவையின் பையில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்ஜியோப்பேயின் பை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர், திறந்த வெளியில், செடி உயரத்தில். சந்தேகமாக இருந்தால் கையால் தொடாமல் படம் எடுத்துக் கேளுங்கள்.

மே மாதத்தை ஒட்டி, பகல் வெப்பம் நிலைத்ததும், பையின் போர்வையில் ஒரு சிறு துளை விழும். கடுகை விடச் சிறிய குஞ்சுகள் வெளியே வந்து, ஓரிரு நாள் பையைச் சுற்றியே நூலில் கூட்டமாகத் தொங்கும். அப்போது கலைக்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொன்றாக உயரமான நுனிக்கு ஏறி, வயிற்றைத் தூக்கி, ஒரு நூலைக் காற்றில் விடும். காற்று நூலோடு சேர்த்துக் குஞ்சையும் தூக்கிப் போகும். ஆயிரம் சிலந்தி என் தோட்டத்தில் குடியேறிவிடுமே என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு தாயின் பிள்ளைகளில் சராசரியாக இரண்டே இரண்டு பெரிதாகி இணை சேர்ந்தால்தான் எண்ணிக்கை மாறாமல் நிற்கும். மற்றதெல்லாம் எறும்புக்கும் பறவைக்கும் குளவிக்கும் மற்ற சிலந்திகளுக்கும் தீனி. ஒரு வருடம் பாதுகாத்த பையிலிருந்து அடுத்த ஆண்டு உங்கள் பந்தலில் ஒன்றுகூட நிற்காமல் போகலாம். இரண்டு வீடு தள்ளி யாருடைய வேலியிலாவது நிற்கும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிலந்தி உங்கள் தோட்டத்தின் பூச்சித் தொல்லையைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். வெட்டுக்கிளி, ஈ, அந்துப்பூச்சி என்று நிறையப் பிடிக்கும். தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் அதே அக்கறையோடு பிடிக்கும். அசுவினிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நான் காப்பாற்றச் சொல்வது லாபக்கணக்குப் பார்த்து அல்ல. பை தொங்கும் தண்டை ஒரு ஓரமாகக் கட்டிவைக்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்கு மேல் செலவு இல்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு ஏப்ரல், மே மாதத்தில் கொசு மருந்து அடிக்க ஆள் வரவழைத்தால் எல்லாம் வீண். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. கொசுவையும் சிலந்திக் குஞ்சையும் பிரித்துப் பார்க்காது. அடித்தே ஆக வேண்டும் என்றால் பை இருக்கும் பக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், குஞ்சுகள் கலைந்த பிறகு வரச் சொன்னால் இன்னும் நல்லது.

ஜூன் நடுவில் பையைப் பாருங்கள். ஓரிடத்தில் சிறு துளையோடு, லேசாக, காலியாக இருந்தால் வேலை முடிந்தது. கிழிந்து பஞ்சு வெளியே தொங்கினால் பறவை முந்திவிட்டது. துளையே இல்லாமல் அப்படியே இருந்தால் ஜூலை வரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு காய்ந்த தண்டோடு சேர்த்து காம்போஸ்ட்டில் போட்டுவிடலாம்.